கச்சேரி என்னும் தொழில்: கிளாரா ஷூமனின் அறுபது ஆண்டுகள்

ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரில் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் பிறந்த இடத்தில் எழுப்பப்பட்ட வீடு இன்று அருங்காட்சியகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் இயங்குகிறது. அவருடைய மனைவி, பியானோ கலைஞர் கிளாரா ஷூமன், வாழ்நாள் முழுவதும் சேர்த்துவைத்த அச்சிட்ட நிகழ்ச்சித் தாள்கள் 1300-க்கும் மேல் அங்கே உள்ளன. முதல் தாள் 1828-ஆம் ஆண்டுக்குரியது. கடைசித் தாள் 1891-க்குரியது. எந்த ஊர், எந்த அரங்கு, எந்த நாள், என்னென்ன உருப்படிகள், இடையில் பாடியவர் யார் என்பதெல்லாம் அவற்றில் இருக்கின்றன. அறுபது ஆண்டுக்கு மேல் நீண்ட ஒரு மேடை வாழ்க்கை இத்தனை ஒழுங்காகப் பதிவாகியிருப்பது அரிது.

கிளாராவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தாள்களிலிருந்து தொடங்குவதில்லை, காதலிலிருந்து தொடங்குகிறார்கள். தந்தையை எதிர்த்து வழக்காடி ராபர்ட்டை மணந்தவர், மனநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்தவர், இளம் இசையமைப்பாளர் பிராம்ஸின் அன்புக்கு உரியவர் என்றே அவர் கதை சொல்லப்பட்டு வந்திருக்கிறது. 1947-ல் ஹாலிவுட்டில் எடுத்த படமும் அதைத்தான் சொன்னது. அவையெல்லாம் நடந்தவைதான். ஆனால் அந்தக் கதையில் கிளாரா எப்போதும் இரண்டு ஆண்களுக்கு நடுவே நிற்கும் உருவமாகவே இருக்கிறார். நிகழ்ச்சித் தாள்களில் இருப்பவரோ வேலை செய்யும் பெண். இன்று ஒரு பியானோ கலைஞர் தனியாக மேடையேறி, எதிரே இசைத்தாள் வைக்காமல், பாக், பீத்தோவன், சோப்பின், ஷூமன், பிராம்ஸ் என்று முந்தைய மேதைகளின் படைப்புகளை இரண்டு மணி நேரம் வாசிப்பதை இயல்பான ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். அந்த வழக்கம் உருவானதில் மிகப் பெரிய பங்கு கிளாராவுடையது. அவரை அறுபது ஆண்டுகள் மேடையில் நிறுத்தியதில் கலை வேட்கைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு பிழைப்புக்கும் உண்டு என்பதை இந்தக் கட்டுரை காட்ட முயல்கிறது.

கிளாரா 1819 செப்டம்பர் 13 அன்று லைப்ஸிக்கில் பிறந்தார். தந்தை ஃபிரெடரிக் வீக் இறையியல் படித்துவிட்டு இசைக்கு வந்தவர். பியானோ விற்பார், இசைத்தாள்களை வாடகைக்கு விடுவார், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். தாய் மரியான், ஊரின் பெருமைக்குரிய கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் பாடியும் வாசித்தும் பெயர் எடுத்தவர். கணவரோடு ஒத்துப்போகாமல் 1824-ல் அவர் வீட்டைவிட்டு வெளியேறினார். சாக்சனி நாட்டுச் சட்டப்படி குழந்தைகள் தந்தைக்கே உரியவர்கள். ஐந்து வயது நிறைந்ததும் கிளாராவைத் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. நான்கு வயதுவரை அந்தக் குழந்தைக்குப் பேச்சு வரவில்லை; காது கேட்கவில்லையோ என்றே வீட்டார் சந்தேகப்பட்டார்கள்.

வீக்கின் கொடுமைகளை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அவருடைய கற்பிக்கும் முறை எவ்வளவு தேர்ந்தது என்பதை அந்த அளவுக்குச் சொல்வதில்லை. நாளுக்கு ஒரு மணி நேரம் பாடம், இரண்டு மணி நேரம் சாதகம். அதற்கு மேல் விரல்களை வருத்த விடமாட்டார். மழையோ பனியோ, தினமும் வெகுதூரம் நடக்க வேண்டும். பியானோவோடு நிற்காமல் குரலிசையும் வயலினும் கற்பித்தார். ஹார்மனியையும் கவுன்டர்பாயின்ட்டையும் அந்தந்தத் துறையில் தேர்ந்தவர்களிடம் அனுப்பிப் படிக்கவைத்தார். ஓப்பராவுக்கும் நாடகத்துக்கும் கூட்டிப்போனார். பாட்டுப் பாடுவதுபோல் பியானோவில் இசை நீளவேண்டும் என்பது அவர் கொள்கை. விரலால் தட்டாமல் அழுத்தி ஒலி எழுப்பும் கிளாராவின் தொடுகை இந்தப் பயிற்சியில் வந்தது. எழுபது வயதைத் தாண்டியும் அவரால் வாசிக்க முடிந்ததற்கு இந்த அளவான, உடலைக் கெடுக்காத அடித்தளமும் ஒரு காரணம் என்பேன்.

அதே வீக், மகளின் பெயரில் ஒரு நாட்குறிப்பைத் தொடங்கி, ‘நான்’ என்று அவள் எழுதுவதுபோல் தாமே எழுதினார். மகள் கையெழுத்து திருந்திய பிறகும் பக்கங்களைப் பார்வையிட்டுத் திருத்தினார். பதினெட்டு, பத்தொன்பது வயதுவரை கிளாராவுக்குத் தனியாக ஓர் அந்தரங்கப் பக்கம் இருக்கவில்லை. அந்த நாட்குறிப்புகளை இன்று படிக்கிற ஆய்வாளர், எந்த வரியில் மகள் பேசுகிறாள், எந்த வரியில் தந்தை பேசுகிறார் என்று கையெழுத்தை வைத்துப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

1828 அக்டோபர் 20 அன்று, ஒன்பது வயதில், கெவாண்ட்ஹவுஸில் முதல் மேடை. மற்றொருவரின் கச்சேரியில், கால்க்பிரென்னரின் நான்கு கை உருப்படி ஒன்றில் மேல் பகுதியை வாசித்தார். 1830 நவம்பர் 8 அன்று அதே அரங்கில் அவர் பெயரிலேயே கச்சேரி நடந்தது. அந்தக் காலத்து நிரலைப் பார்த்தால் இன்றைய ரசிகருக்கு வியப்பாக இருக்கும். பியானோ கலைஞரின் கச்சேரி என்றாலும் இசைக்குழு வாசிக்கும், பாடகர்கள் பாடுவார்கள், மேடையில் பலர் வந்து போவார்கள். கலைஞர் வாசிப்பது கால்க்பிரென்னர், ஹெர்ட்ஸ், பிக்ஸிஸ் போன்றவர்களின் மின்னலடிக்கும் உருப்படிகள். பிரபலமான ஓப்பரா மெட்டுகளை எடுத்து விரல் வேகத்தைக் காட்டும் வேரியேஷன்கள். தாமே இயற்றிய ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். கலைஞர் என்றாலே படைப்பாளி என்று எதிர்பார்த்த காலம் அது.

கச்சேரி நடத்துவது அன்று பெரிய வியாபார வேலை. ஊருக்கு முன்கூட்டியே போய், செல்வாக்குள்ளவர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து, அவர்கள் வீட்டில் இலவசமாக வாசித்துக் காட்டி, அதிகாரிகளிடம் அனுமதி வாங்கி, அரங்கைப் பிடித்து, நல்ல பியானோவைத் தேடிச் சுருதி சேர்க்கவைத்து, விளக்குக்கும் சூட்டுக்கும் பணம் கட்டி, சீட்டு அச்சடித்து விற்க வேண்டும். வீக் இதில் வல்லவர். 1831-ல் வைமாரில் முதியவரான கெத்தேயின் முன் மகளை வாசிக்கவைத்தார். 1832-ல் பாரிஸுக்கு அழைத்துப் போனார். அங்கே காலரா பரவியதால் பயணம் பாதியில் முடிந்தது. அருகிலிருந்து பார்த்த மகள் இந்த வியாபாரத்தை முழுதாகக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவரைக் காப்பாற்றியது இந்த இரண்டாவது கல்வி.

பதினாறாம் வயதில், 1835 நவம்பர் 9 அன்று, மெண்டல்சன் இசைக்குழுவை நடத்த, தாம் இயற்றிய பியானோ கான்செர்ட்டோவைக் கெவாண்ட்ஹவுஸில் வாசித்தார். 1837-ல் பெர்லினிலும் பிறகு வியன்னாவிலும் பீத்தோவனின் ‘அப்பாஷனாட்டா’ சொனாட்டாவை மேடைக்குக் கொண்டுவந்தார். பீத்தோவனின் சொனாட்டாக்கள் வீட்டுக் கூடத்தில் நண்பர்கள் கூடி ரசிப்பவை, சீட்டு விற்கும் கச்சேரிக்கு ஏற்றவை அல்ல என்று பலர் எண்ணிய காலம். இசைத்தாள் இல்லாமல் வாசித்தது இன்னொரு துணிச்சல். அப்படி வாசிப்பது செருக்கு, படைத்தவருக்குச் செய்யும் அவமரியாதை என்று பெர்லினில் எழுத்தாளர் பெட்டினா ஃபான் ஆர்னிம் முகம் சுளித்தார். பிறர் இயற்றியதை மனப்பாடமாக வாசித்தால், கலைஞர் அதைத் தம்முடையதாகக் காட்டிக்கொள்வது போலாகும் என்பது அன்றைய எண்ணம். அடுத்த தலைமுறைக்குள் நிலைமை தலைகீழானது; தாளைப் பார்த்து வாசிப்பதுதான் குறை என்றாயிற்று. இந்த மாற்றத்தில் பியானோ மேதை லிஸ்ட்டுக்கும் பங்குண்டு. ஆனால் லிஸ்ட் 1847-க்குப் பிறகு சம்பளத்துக்கு மேடையேறுவதை நிறுத்திவிட்டார். கிளாரா அதற்குப் பின்னும் நாற்பது ஆண்டுக்கு மேல் ஊர் ஊராகப் போய் அந்த வழக்கத்தை ரசிகர்களுக்குப் பழக்கப்படுத்தினார். வயதான பிறகு நினைவு தவறிவிடுமோ என்ற பயம் அவரை வாட்டியது என்பதையும் சொல்ல வேண்டும். தாமே பரப்பிய வழக்கத்தின் சுமையைத் தாமே சுமந்தார்.

வியன்னா அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. கவிஞர் கிரில்பார்ட்சர் கவிதை எழுதினார். 1838 மார்ச்சில் ஆஸ்திரியப் பேரரசர் அரசவைக் கலைஞர் பட்டம் அளித்தார். பதினெட்டு வயதுப் பெண், வெளிநாட்டவர், கத்தோலிக்க அரசவைக்குப் புறம்பான புராட்டஸ்டன்ட். அப்படியிருந்தும் பட்டம் கிடைத்தது விதிவிலக்கு.

இந்தச் சூழ்நிலையில்தான் திருமணத்துக்காக நடந்த வழக்கைப் பார்க்க வேண்டும். 1830 முதல் வீக் வீட்டில் தங்கிப் படித்த ராபர்ட், விரல் கெட்டுப் பியானோ கலைஞர் ஆகும் கனவைக் கைவிட்டு, இசை எழுதுவதிலும் பத்திரிகை நடத்துவதிலும் இறங்கியிருந்தார். 1837 ஆகஸ்ட்டில் கிளாராவும் அவரும் ரகசியமாகத் திருமணத்தை உறுதி செய்துகொண்டனர். வீக் மறுத்தார். காரணமாக ராபர்ட்டின் குடி, வருமானமின்மை என்று பலவற்றை அடுக்கினார். அவை முழுப்பொய்யும் இல்லை. ஆனால் அவர் விதித்த நிபந்தனைகளைப் படித்தால் வேறொன்று தெரிகிறது. பல ஆண்டுக் கச்சேரிகளில் சேர்ந்த பணத்தை மகள் தம் சகோதரர்களுக்கு விட்டுத்தர வேண்டும். தம் பியானோவையும் பொருள்களையும் வேண்டுமென்றால் அவற்றுக்கும் விலை கொடுக்க வேண்டும். ஒன்பது வயது முதல் உழைத்துச் சம்பாதித்த கலைஞருக்கு அந்தச் சம்பாத்தியத்தில் உரிமை இல்லை! காதலுக்குத் தடை என்று நாம் படித்த இந்த வழக்கு, உழைத்தவரின் கூலி யாருக்கு என்ற வழக்காகவும் இருந்தது. 1840 ஆகஸ்ட்டில் நீதிமன்றம் திருமணத்துக்கு அனுமதி தந்தது. செப்டம்பர் 12 அன்று, இருபத்தோராம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், லைப்ஸிக்கை ஒட்டிய ஷோனஃபெல்ட் கிராமத் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. ஒரு நாள் பொறுத்திருந்தால் தந்தையின் சம்மதமே தேவைப்பட்டிருக்காது.

திருமணமான பதினான்கு ஆண்டுகளில் எட்டுப் பிள்ளைகள். வீட்டில் இரண்டு பியானோ இருந்தாலும் சுவர்கள் மெல்லியவை. ராபர்ட் எழுதும்போது கிளாரா வாசிக்க முடியாது. வாரக்கணக்கில் சாதகம் இல்லாமல் போகிறதே என்ற ஏக்கத்தை, இருவரும் மாறி மாறி எழுதிய திருமண நாட்குறிப்பில் காணலாம். ராபர்ட்டும் குற்ற உணர்வோடு அதை ஒப்புக்கொண்டு எழுதுகிறார். அப்படியும் கிளாரா கச்சேரிகளை நிறுத்தவில்லை. 1842-ல் கணவர் பாதியில் திரும்பிவிட, கோபன்ஹேகனுக்குத் தனியாகப் போனார். 1844-ல் குளிர்காலத்தில் பனிவண்டி ஏறி ரஷ்யா போனார். பீட்டர்ஸ்பர்க்கிலும் மாஸ்கோவிலும் வாசித்தார். ஜார் மன்னரின் குடும்பத்தினர் முன் வாசித்தார். உடன்வந்த ராபர்ட் வழியெல்லாம் உடல்நலமின்றியும் மனம் சோர்ந்தும் கிடந்தார். கணவனைப் பார்த்து, ‘நீங்களும் இசைக்கலைஞரா?’ என்ற தொனியில் ஊரார் நடத்தியது ராபர்ட்டுக்குத் தாளவில்லை. 1849 மே மாதம், அவர்கள் அப்போது குடியிருந்த டிரெஸ்டனில் கிளர்ச்சி வெடித்தபோது, ராபர்ட்டைப் பாதுகாப்பான ஊரில் விட்டுவிட்டு, ஏழு மாதக் கர்ப்பிணியான கிளாரா இருட்டில் நகருக்குத் திரும்பி, விட்டுவந்த பிள்ளைகளை அழைத்துவந்தார்.

இந்த ஆண்டுகளில் அவர் இயற்றிய படைப்புகளில் 1846-ல் எழுதிய ஜி மைனர் பியானோ ட்ரியோவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். கடைசிப் பாகத்தில் ஃப்யூக் முறையைக் கையாளும் லாகவம் ஒரு தேர்ந்த படைப்பாளியின் கைவேலை. ஆனால் அவருக்கே தம்மேல் நம்பிக்கை இல்லை. பெண்ணுக்குப் படைக்கும் ஆற்றல் இருக்குமா, முன்பு எவருக்கும் இயலாதது தமக்கு எப்படி இயலும் என்று இருபது வயதிலேயே நாட்குறிப்பில் ஐயப்பட்டவர் அவர். 1853 கோடையில், டுசெல்டார்ஃபில் தமக்கென்று தனி இடத்தில் சாதகம் செய்யும் வசதி கிடைத்தபோது, வேரியேஷன்கள், ரொமான்ஸ்கள், பாடல்கள் என்று வரிசையாக எழுதினார். அதுவே ஏறக்குறைய கடைசி.

1854 பிப்ரவரி 27 அன்று ராபர்ட் ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றினார்கள். சில நாள்களில், அவர் விருப்பப்படியே, பான் நகரை ஒட்டிய எண்டெனிக்கில் இருந்த தனியார் மனநல விடுதியில் சேர்த்தார்கள். கிளாராவுக்கு வயது முப்பத்து நான்கு, வயிற்றில் குழந்தை. ஜூன் மாதம் பிறந்த அந்தக் கடைசி மகன் ஃபெலிக்ஸைத் தந்தை ஒருநாளும் பார்க்கவில்லை. கிளாராவையும் கணவரைப் பார்க்க மருத்துவர்கள் விடவில்லை. இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு, ராபர்ட் இறப்பதற்கு இரண்டு நாள் முன்புதான், 1856 ஜூலை 27 அன்று பார்த்தார்.

நண்பர்கள் நிதி திரட்டக் கச்சேரி நடத்துவதாகச் சொன்னார்கள். கிளாரா மறுத்தார். அக்டோபரிலேயே பயணம் கிளம்பிவிட்டார். லைப்ஸிக், வைமார், ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க், பெர்லின். அடுத்த ஆண்டு ஹாலந்து, டான்சிக். 1856 தொடக்கத்தில் வியன்னா, புடாபெஸ்ட், பிராக். பின் கடல் கடந்து இங்கிலாந்து. வீட்டில் மூத்த மகளுக்குப் பதின்மூன்று வயது, கடைக்குட்டி கைக்குழந்தை. டுசெல்டார்ஃப் வீட்டுக் கணக்கையும் பிள்ளைகளையும் அந்த நாள்களில் கவனித்துக்கொண்டவர் இருபத்தொரு வயது பிராம்ஸ். வேலைக்காரிக்குச் சம்பளம், பள்ளிக்கட்டணம், தபால்செலவு எல்லாவற்றையும் ராபர்ட்டின் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்தார். பிராம்ஸுக்கும் கிளாராவுக்கும் இடையில் இருந்தது என்ன என்பதைப் பற்றி நூல் நூலாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்குப் புத்தகம்தான் அந்த உறவின் மிக அழகான ஆவணமாகப் படுகிறது.

பணத்துக்காக மட்டும் அவர் வாசித்தார் என்று சொன்னால் அது பிழை. மேடை இல்லாமல் தம்மால் உயிர்வாழ முடியாது என்பதை அவர் கடிதங்கள் பலமுறை சொல்கின்றன. ஆனால் பணத்தேவை அவர் வாழ்க்கைக்கு ஒரு வடிவம் கொடுத்தது: அக்டோபர் முதல் மே வரை பயணம், கோடையில் பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ். 1863 முதல் பல கோடைகள் பாடன்-பாடனை ஒட்டிய சிறிய வீட்டில் கழிந்தன. மற்ற மாதங்களில் பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளிலும் உறவினர் வீடுகளிலும் பிரிந்திருந்தனர். மகள் யூஜினி பின்னாளில் எழுதிய நினைவுநூலில் அந்தப் பிரிவின் வலி இருக்கிறது; காலையில் அம்மா சாதகம் தொடங்கும்போது ஸ்வர வரிசைகளே இசையாக மாறி ஓடியதைக் கேட்ட மகிழ்ச்சியும் இருக்கிறது. அம்மா பிள்ளைகளைப் புறக்கணித்தார் என்று குற்றம்சாட்டும் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஆண்டில் பாதி நாள் ஊரில் இல்லாத ஆண் கலைஞர் எவரைப் பற்றியும் இந்தக் கேள்வியை அவர்கள் எழுப்பியதில்லை.

இப்போது நிகழ்ச்சித் தாள்களுக்குள் போகலாம். ரைன்ஹார்ட் கோபிட்ஸ், ஆந்த்ரேயாஸ் லேமன், யானினா கிளாசன் ஆகிய ஜெர்மன் ஆய்வாளர்கள் இந்தத் தொகுப்பு முழுவதையும் தரவாக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். தாள்கள் காட்டும் போக்கு தெளிவானது. 1830-களில் நிரம்பியிருந்த ஹெர்ட்ஸும் பிக்ஸிஸும் மெல்ல மறைகிறார்கள். கிளாராவின் சொந்தப் படைப்புகளும் குறைகின்றன. அந்த இடத்தில் பாக், பீத்தோவன், மெண்டல்சன், சோப்பின், எல்லோருக்கும் மேலாக ராபர்ட் ஷூமன் வந்து அமர்கிறார்கள். கலைஞர் தம் திறமையைக் காட்டும் மேடை, முன்னோர் படைத்ததை முன்வைக்கும் மேடையாக மாறுவதை வருடம் வருடமாகப் பார்க்க முடிகிறது.

ராபர்ட்டின் படைப்புகளை அவர் எப்படி ரசிகர்களிடம் கொண்டுசேர்த்தார் என்பதில் பெரிய சாமர்த்தியம் இருக்கிறது. ராபர்ட்டின் பியானோ தொகுதிகள் சிறுசிறு துண்டுகளால் ஆனவை. சட்டென்று மனநிலை மாறும். முடிவில் ஆரவாரம் இராது. கைதட்டலுக்குப் பழகிய கூட்டம் இவற்றைப் பொறுத்துக்கொள்ளாது என்று கிளாராவுக்குத் தெரியும். அதனால் ‘கார்னவால்’ போன்றவற்றைச் சில பகுதிகளை விட்டுவிட்டே முதலில் வாசித்தார். வேறு தொகுதிகளிலிருந்து ஓரிரு துண்டுகளை மட்டும் எடுத்து, எல்லோரும் அறிந்த பீத்தோவனுக்குப் பக்கத்தில் வைத்தார். லண்டனில் டேவிசன் போன்ற செல்வாக்குள்ள விமர்சகர்கள் ஷூமனின் இசையை ஏற்கவே மறுத்தபோதும், அவர் விடாமல் பத்தொன்பது முறை அந்த நாட்டுக்குப் போனார். செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் ஆர்தர் சாப்பல் நடத்திய பாப்புலர் கான்செர்ட்ஸ் வரிசையில், குறைந்த விலைச் சீட்டு வாங்கி வந்த சாதாரண மக்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். பிராம்ஸின் இசையைத் தொடக்கத்திலேயே பொதுமேடைக்குக் கொண்டுவந்த கலைஞர்களில் அவரும் ஒருவர்: 1854 அக்டோபரில் லைப்ஸிக்கில் எஃப் மைனர் சொனாட்டாவின் இரு பகுதிகள்; 1861-ல் ஹாம்பர்க்கில் ‘ஹேண்டல் வேரியேஷன்கள்’.

அச்சிட்ட தாளில் பதிவாகாத ஒன்றும் உண்டு. ஓர் உருப்படிக்கும் அடுத்ததற்கும் இடையே கிளாரா சும்மா இருக்கமாட்டார். அடுத்த உருப்படியின் சுருதிக்கும் மனநிலைக்கும் கேட்பவரை அழைத்துப்போகும் ஒரு சிறு முன்னிசையை அந்தக் கணத்தில் கற்பனையாக வாசிப்பார். ராகத்தைக் கோடிகாட்டிவிட்டுக் கீர்த்தனைக்குள் நுழையும் கச்சேரி மரபில் வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஐரோப்பாவில் அந்த வழக்கம் அவர் தலைமுறையோடு ஏறக்குறைய அழிந்துபோயிற்று. கடைசிக் காலத்தில் மகள்கள் கேட்டுக்கொண்டதற்காகச் சில முன்னிசைகளை எழுதிவைத்தார். ஆனால் எழுதும்போது கைக்கு வருவதில்லை, ஒவ்வொரு முறையும் வேறாகவே வருகிறது என்று சலித்துக்கொண்டார். எழுதப்பட்டதை மட்டுமே வாசிக்கும் மரபுக்கு அவரைத் தாயாக்குகிறவர்கள் இந்தப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

இந்த வாழ்க்கைக்கு உடல் கொடுத்த விலையும் உண்டு. 1850-களின் பிற்பகுதியிலிருந்தே கைவலி. 1873 முடிவில் பிராம்ஸின் டி மைனர் கான்செர்ட்டோவுக்காகக் கடுமையாகச் சாதகம் செய்தபின் வலி முற்றி, ஓராண்டுக்கு மேல் மேடையைவிட்டு விலகியிருந்தார். கீல் நகர அறுவை மருத்துவர் எஸ்மார்க்கின் சிகிச்சைக்குப் பிறகு 1875-ல் திரும்பினார். கை முற்றிலும் ஓய்ந்திருக்க வேண்டியதில்லை, வாசித்துக்கொண்டே குணமாக்கலாம் என்று எஸ்மார்க் சொன்னது அன்றைய மருத்துவத்தில் புதுமை. வீட்டுத் துயரங்களோ ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. மகன் லுட்விக் 1870-ல் மனநல விடுதிக்குப் போய் அங்கேயே வாழ்நாளைக் கழித்தார். 1872-ல் மகள் ஜூலி இறந்த செய்தி வந்த நாளில் ஹைடல்பெர்க்கில் கச்சேரி. கிளாரா ரத்து செய்யாமல் வாசித்தார். 1879-ல் ஃபெலிக்ஸ் காசநோயில் இறந்தார். போரில் உடல் கெட்டு மார்ஃபினுக்கு அடிமையான ஃபெர்டினாண்ட் 1891-ல் இறந்தபோது, அவர் பிள்ளைகளின் பொறுப்பும் எழுபது கடந்த பாட்டியின்மேல் விழுந்தது.

1878-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் புதிதாகத் தொடங்கிய ஹோக் இசைப்பள்ளியில் முதன்மைப் பியானோ ஆசிரியரானார். பள்ளித் தலைவர் யோவாகிம் ராஃப், வேறு பெண்களைப் பணியில் சேர்க்கும் எண்ணமில்லை என்றும் திருமதி ஷூமனை ஆணாகவே கணக்கில் வைத்திருப்பதாகவும் எழுதினார். பாராட்டு என்று எண்ணித்தான் எழுதியிருக்கிறார். கிளாரா பதிலுக்குத் தம் நிபந்தனைகளைச் சொன்னார்: தினம் ஒன்றரை மணி நேரப் பாடம், தம் வீட்டிலேயே, ஆண்டுக்கு நான்கு மாத விடுமுறை, குளிர்காலத்தில் கச்சேரிப் பயணத்துக்கு அனுமதி. அத்தனையும் கிடைத்தன. தந்தையிடம் கற்ற வியாபாரம் வீண்போகவில்லை. மகள்கள் மரீயும் யூஜினியும் உதவியாசிரியைகளாக மாணவர்களைத் தயார்செய்தார்கள். 1891 மார்ச் 12 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் ஜேம்ஸ் க்வாஸ்ட்டுடன் சேர்ந்து பிராம்ஸின் ‘ஹைடன் வேரியேஷன்களை’ இரு பியானோவில் வாசித்தது கடைசிப் பொதுமேடை. 1896 மே 20 அன்று இறந்தார்.

அவரைக் குறைகாண முடியாத தெய்வமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பிரைட்காப்ஃப் பதிப்பகத்துக்காக ராபர்ட்டின் முழுத் தொகுப்பை 1881 முதல் 1893 வரை பதிப்பித்தவர் அவர்தான். அதே 1893-ல் ராபர்ட்டின் கடைசிக் காலப் படைப்பான ஐந்து செல்லோ ரொமான்ஸ்களை எரித்தவரும் அவர்தான். நோயின் சாயல் அவற்றில் விழுந்துவிட்டதென்று அஞ்சினார். வயலின் கான்செர்ட்டோவையும் வெளியிடாமல் நிறுத்திவைத்தார். 1937-ல்தான் அது மேடையேறியது. கணவரின் பெயரைக் காக்கும் ஆவலில் அவர் செய்த இந்தத் தீர்ப்பு தவறானது. எரிந்தவை எப்படி இருந்திருக்கும் என்று இனி எவராலும் அறிய முடியாது. கான்செர்ட்டோவைக் கேட்கும்போது அந்த இழப்பின் அளவு உறைக்கிறது.

அவர் வாசிப்பு ஒலிப்பதிவாகவில்லை. மாணவிகளின் வாசிப்பு பதிவாகியிருக்கிறது. ஃபானி டேவிஸ் 1928-ல் அன்செர்மே நடத்திய இசைக்குழுவோடு ஷூமனின் கான்செர்ட்டோவைத் தட்டில் பதித்தார். ‘குழந்தைப் பருவக் காட்சிகள்’, ‘டாவிட்ஸ்பியூன்ட்லர் நடனங்கள்’ ஆகியவற்றின் பதிவுகளும் உண்டு. அடெலீனா டி லாரா எண்பதை நெருங்கிய வயதில் ஷூமனின் பல படைப்புகளைப் பதிவு செய்தார். கிளாராவோ விமர்சகர்கள் பூசாரிணி என்று வருணித்த ஆசிரியை. எழுதியதை மாற்றாதே, வேகத்துக்காக ஓடாதே என்று கண்டித்தவர். அவரிடம் படித்தவர்கள் இறுக்கமாக வாசிப்பார்கள் என்று எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும். டேவிஸின் இரு கைகளும் எப்போதும் ஒரே நொடியில் விழுவதில்லை. மெட்டு சற்றே பிந்தி வருகிறது. கோர்டுகள் கீழிருந்து மேலாக விரிகின்றன. காலப்பிரமாணம் வாக்கியத்துக்கு ஏற்ப நெகிழ்ந்து கொடுக்கிறது. இன்றைய போட்டித் தேர்வுகளில் இப்படி வாசிக்கும் மாணவர் முதல் சுற்றைத் தாண்டுவது கடினம். மூலத்துக்கு உண்மையாக இருப்பது என்று கிளாரா தம் மாணவிகளுக்குச் சொன்னதும், அவர் பெயரைச் சொல்லி இருபதாம் நூற்றாண்டுப் பள்ளிகள் கேட்டதும் ஒன்றாக இருக்க முடியாது என்பதற்கு இந்தப் பழைய தட்டுகளே சாட்சி.